உள்ளிருந்து திறக்காத கதவு

எங்கள் மொராமாவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பாதிரியாருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் டிரோவின் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். வாசலில் நின்று மூக்கைச் சிந்திவிட்டு, "வண்டி ஓடுற நெலமையில இருக்கா?" என்று கேட்பார்கள். அடக்கம் முடிகிற வரைக்கும் சாவு வீட்டில் நெருப்பு அணையக் கூடாது. நெருப்புக்கு விறகு வேண்டும். விறகோ மணல்மேடுகளுக்கு அப்பால் கிடக்கிறது. அந்தக் கலகாடிப் பாலைவன மணலில் இறங்கி ஏறக்கூடிய வண்டி எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான். பள்ளித் தலைமையாசிரியர் தன் புத்தம்புது வண்டியை வீம்புக்கு உள்ளே விட்டு, அது அச்சு வரைக்கும் புதைந்து, கடைசியில் கழுதைகளைக் கட்டி இழுத்து வந்தார்கள். அவர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவருக்கும் சேர்த்து ஊர் பேசுகிறது.

டிரோவின் வண்டிக்கு நாரே என்று பெயர், அதாவது காட்டெருமை. கால்நடைத் துறைக்காரர்கள் ஓட்டித் தேய்த்து ஏலத்தில் தள்ளிவிட்ட பழைய பிக்கப் அது. சாலைத் துறையில் கிரேடர் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் எடுத்தார். எடுத்த அன்று எஞ்சின் ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. மற்றதெல்லாம் அவர் கையால் சேர்ந்தவை. பாழாய்ப்போன போர்வெல் குழாயை அறுத்து பம்பர் செய்தார். இரண்டாவது டீசல் டாங்கைத் தானே பற்றவைத்தார். புல்விதை போய் ரேடியேட்டரை அடைக்காமலிருக்க நிழல்வலையைச் சட்டத்தில் கட்டி முன்னால் மாட்டினார். பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு இரும்புப் பட்டா சேர்த்தார், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. அதற்கப்புறம் எவ்வளவு விறகு ஏற்றினாலும் நாரே குந்தவில்லை. ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனால் குடல் வாய்க்கு வந்துவிடும்.

"இது வெறகுக்காகக் கட்டின வண்டி. நான் சும்மா தொத்திக்கிட்டு வர்றேன்" என்று அவர் மனைவி செயிபோனே சொல்வாள். புகாராகச் சொன்னதில்லை, சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

இவ்வளவையும் மாற்றியவர் இடப்பக்கக் கதவை மட்டும் மாற்றவில்லை. அதன் உள்கைப்பிடி ஏலத்தில் எடுத்தபோதே உடைந்திருந்தது. கண்ணாடியும் நாலு விரல் இறங்கி நின்றுவிடும், கையை வெளியே விட்டுத் திறக்க வழியில்லை. எங்கே போய் நின்றாலும் டிரோ இறங்குவார். முதலில் பானெட்டைத் தூக்கி வலையில் புல் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். நாலு டயரையும் உதைப்பார். குனிந்து அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் சுற்றி வந்து மனைவிக்குக் கதவைத் திறந்துவிடுவார். அதுவரைக்கும் செயிபோனே வெயிலில் உட்கார்ந்திருப்பாள். பொறுக்க முடியாதபோது விரல் முட்டியால் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டுவாள். "வர்றேன், வர்றேன்" என்று பானெட்டுக்குள்ளிருந்து குரல் வரும்.

இதைத் தூரத்திலிருந்து பார்த்த எங்கள் ஊர்ப் பெண்கள், இந்த வயசிலும் பெண்டாட்டிக்குக் கதவு திறந்துவிடுகிற மனுஷன் என்று சொல்லித் தங்கள் வீட்டு ஆண்களைக் குத்திக்காட்டினார்கள். டிரோ அதை மறுத்ததில்லை. சும்மா வருகிற நல்ல பெயரை யார் வேண்டாம் என்பார்கள்?

அந்தக் குளிர்காலத்தில் நாரேயின் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. வீட்டு முற்றத்து ஒட்டகமுள் மரத்தின் கிளையில் செயின் கப்பியை மாட்டி, கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கி, ஒரு பழைய டயர் மேல் கிடத்தியிருந்தார். இறக்கியாயிற்று, இதோடு பின்பக்கம் இன்னொரு பட்டாவும் சேர்த்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் செயிபோனேவுக்குத் தலைவலி வந்தது. கிளினிக் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸை வரவழைத்தாள். செயிபோனே தானே நடந்து போய் ஏறினாள். டிரோவின் கையெல்லாம் கிரீஸ், அதனால் அவர் அவளைத் தொடவில்லை.

"கழட்டினதத் திரும்பப் பூட்டிட்டு நானே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்றார்.

"பூட்டறதோட அந்தக் கதவையும் பாருங்க" என்றாள், எப்போதும் சொல்வது போல.

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து அவள் இறந்துவிட்டாள் என்று மாவட்ட மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது அவர் ஃப்ளைவீலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "சரி" என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மீதியையும் துடைத்து முடித்தார்.

அதற்கப்புறம் அவருக்குள் ஒன்றும் நடக்கவில்லை. துக்கம் தொண்டையை அடைத்தது என்று எழுதினால் அது பொய். வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள், அவர் நின்றார். மகள் போயிபேலோ தலைநகரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி அவர் மார்பில் விழுந்து கதறினாள். அவள் தோளில் தட்டிக்கொடுத்தபடி, பஸ் எஞ்சினில் ஒரு இன்ஜெக்டர் சரியில்லை, புகை கறுப்பாக வருகிறது என்று நினைத்தார். நினைத்ததற்காக வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. வெட்கமும் வரவில்லை.

டிரோவின் தாய்மாமன் செலெலோ தடி ஊன்றி வந்து முறைப்படி அவர் தோளில் போர்வையைப் போட்டார். முற்றத்து நெருப்புக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். எண்பதைத் தாண்டிய கிழவர் என்றாலும் குரல் மட்டும் இறங்கவே இல்லை.

"மண்ணு போடற வரைக்கும் உன் கை மடியிலதான் இருக்கணும். ஸ்பேனர், ஜாக்கி எதையும் தொடக் கூடாது. பொண்டாட்டியப் பறிகொடுத்தவன் தொட்ட ஆயுதம் அடுத்த சாவுக்கு அச்சாரம், தெரியுமில்ல?"

"தெரியும் மாமா."

"உங்கம்மா உனக்கு வேலைன்னு பேரு வெச்சா. இந்த வாரம் உனக்கு அந்தப் பேரு கெடையாது."

டிரோ என்றால் எங்கள் பேச்சில் வேலை என்றுதான் அர்த்தம்.

சிக்கல் என்னவென்றால், செயிபோனே பிறந்த இடம் டிபிட்ஸெங். மணல்மேடுகளுக்குள்ளே வெகுதூரத்தில், நாலைந்து குடும்பமும் ஒரு கிணறும் உள்ள இடம். தன் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அமரர் ஊர்தி தார்ச்சாலை முடிகிற மொராமா வரைக்கும்தான் வரும். வெள்ளிக்கிழமை மதியம் உடலைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அங்கிருந்து டிபிட்ஸெங் போய் சனிக்கிழமை விடியலில் அடக்கம் செய்தாக வேண்டும். நாரே எழுந்தால் அவள் அம்மாவிடம் போவாள். எழாவிட்டால் மொராமாவின் புது மயானத்தில், கம்பிவேலி ஓரத்தில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் படுப்பாள்.

வண்டியைத் திரும்பப் பூட்டுகிற பொறுப்பை மொதிபி எடுத்துக்கொண்டான். செலெலோவின் மகன் அவன், டிரோவுக்கு மச்சான் முறை. ஊர் போர்வெல்லின் டீசல் பம்பை ஓட்டுகிறவன். பம்பு தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவன் எண்ணம். டிரோ இதுவரைக்கும் அவனை நாரேயின் டயருக்குக் காற்றடிக்கக்கூட விட்டதில்லை.

"மச்சான், உன் பொண்டாட்டிய அடிச்சாக்கூட நீ பொறுத்துக்குவே, உன் வண்டிய நான் தொடறதப் பாத்துப் பொறுத்துக்க மாட்டே" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"பொறுத்துக்கறேன். தொடு" என்றார் டிரோ.

அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தோன்றவில்லை. தன் பெட்டிகளைத் திறந்து கண்டவனெல்லாம் கைவிட்டுத் துழாவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் சேர்த்த பெட்டிகள். வாங்கிவைத்து, அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்ட சாமான்கள்தான் அதில் பாதி. புது கிளட்ச் பிளேட்டை எடுத்தார்கள். போல்ட்டுகளை மணலில் கொட்டினார்கள். வேறு வாரமாக இருந்திருந்தால் அதற்கே அவர் கத்தியிருப்பார்.

கிளட்ச் பிளேட் மாட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிளேட்டின் நடு ஓட்டையும் எஞ்சினின் நடு ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் உள்ளே நுழையாது. அதற்காக டிரோ ஒரு கட்டை செய்துவைத்திருந்தார். உடைந்த கோடரிக் காம்பைச் சீவி, இரண்டு ஓட்டைக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு முனையைத் தடியாகவும் மறு முனையை ஒல்லியாகவும் இழைத்தது. அதைச் சொருகி நேராக்கிவிட்டு போல்ட்டை முடுக்கினால் போதும். பார்ப்பதற்கு அது விறகுத்துண்டு போலத்தான் இருக்கும். கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில், விறகுக் குவியலுக்கு ஓரடி தள்ளிக் கிடந்தது.

செயிபோனேவின் தங்கை கலெபோயே டிபிட்ஸெங்கிலிருந்து இரண்டு நாள் பயணமாகக் கழுதை வண்டியில் வந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் உட்காரவே இல்லை. மாவு உருண்டைகளைப் பொரித்தாள், தேநீர் வைத்தாள், பாத்திரம் கழுவினாள். தேநீர்ப் பானைக்கு நெருப்பு தணிந்தபோது குனிந்து இரண்டு விறகோடு அந்தக் கட்டையையும் சேர்த்து எடுத்து உள்ளே தள்ளினாள்.

டிரோ பார்த்தார். கட்டையில் ஊறியிருந்த எண்ணெய் முதலில் பிடித்தது. ஒல்லி முனை சிவந்து வளைந்தது. கையை நீட்டி உருவியிருக்கலாம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கை மடியில் இருந்தது. கட்டை எரிந்து முடிந்தது. அவள் கொடுத்த தேநீரை வாங்கிக் குடித்தார்.

மறுநாள் முழுக்க மொதிபியும் ஆட்களும் கியர்பாக்ஸோடு மல்லுக்கட்டினார்கள். கப்பியில் தூக்குவார்கள், தள்ளுவார்கள், அது நாலு விரல் இடைவெளியில் முட்டிக்கொண்டு நிற்கும். இறக்குவார்கள். கெட்ட வார்த்தை பேசிவிட்டு, சாவு வீடு என்று ஞாபகம் வந்து மன்னிப்புக் கேட்பார்கள். மறுபடி தூக்குவார்கள். பொழுது சாய்ந்ததும் மொதிபி கையைத் துடைத்துக்கொண்டு தன் அப்பாவிடம் போய், "ஊர் மயானத்துல குழி வெட்டச் சொல்லிடலாம்பா" என்றான்.

அது கலெபோயேயின் காதில் விழுந்தது. நேரே டிரோவின் முன்னால் வந்து நின்றாள்.

"அத்தான், இவங்க சொல்றது கேக்குதா? அக்காவ வேலியோரமாப் போடப் போறாங்களாம்."

"கேக்குது."

"ஏன் நுழைய மாட்டேங்குதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். நேராக்கறதுக்கு ஒரு கட்டை இருந்துச்சு."

"எங்க அது?"

"நீ அடுப்புல வெச்சிட்டே."

அவள் நெருப்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

டிரோ யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார்.

"தெரியல" என்றார்.

கலெபோயே முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறைந்துவிடுவாளோ என்று பக்கத்திலிருந்தவர்களுக்குத் தோன்றியது. அவள் அறையவில்லை. அவர் எதிரில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வந்ததிலிருந்து அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து டிரோ தலையைத் திருப்பி, "மாமா, சீவறது வேலையா?" என்று கேட்டார்.

செலெலோ தாடியைத் தடவினார். எங்கள் ஊரில் நெருப்போரம் உட்கார்ந்த எந்தக் கிழவனும் கையில் ஒரு குச்சியும் கத்தியும் இல்லாமல் இருந்ததில்லை. யோசித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். "இஷ்டத்துக்குச் சீவினா அது பொழுதுபோக்கு. அதுல ஏதாவது உருவம் வந்துச்சுன்னா அது உன் குத்தமில்ல." பிறகு தன் கைத்தடியை நீட்டினார். "இது வைரம் பாஞ்ச கட்டை. ஒரு சாண் போனா நான் ஒண்ணும் விழுந்துட மாட்டேன்."

தடியின் முனையை அறுத்துக் கொடுத்தார்கள். டிரோ சீவ ஆரம்பித்தார். அளவு அவர் விரலில் இருந்தது. மொதிபி கட்டையை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் நுழைவான், சொருகிப் பார்ப்பான், திரும்பி வருவான்.

"தடியா இருக்கு மச்சான்."

"எவ்வளவு?"

"ஒரு மயிரிழை."

"உன் மயிரா, அப்பன் மயிரா?"

சொன்னது டிரோதான். சாவு விழுந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி. எல்லோரும் சிரித்தார்கள், கலெபோயேகூட. டிரோவின் முகம் மட்டும் அசையவில்லை. வாய் தன்பாட்டுக்குப் பழக்கத்தில் பேசிவிட்டது.

காலையில் பிளேட் நேராக நின்றது. கியர்பாக்ஸ் ஒரே தள்ளலில், இதற்கா இத்தனை பாடு என்பது போல, உள்ளே போய் உட்கார்ந்தது. முன்மதியத்தில் நாரே உறுமியது. பெண்கள் பாடுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். அதற்கப்புறமும் இடப்பக்கத்தில் மொதிபி ஏதோ திருகாணி முடுக்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. என்ன செய்கிறான் என்று டிரோ கேட்கவில்லை.

மதியம் பெட்டி வந்தது. நாரேயின் பின்பக்கம் விறகு ஏற்றுகிற இடத்தில் போர்வை விரித்து அதை ஏற்றினார்கள். இருபுறமும் ஆட்கள் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்கள். போயிபேலோவும் கலெபோயேயும் தலைமாட்டில் ஏறிக்கொண்டார்கள். மனைவியை இழந்தவன் ஓட்டக் கூடாது என்பதால் சாவி மொதிபியிடம் போனது. செலெலோ இடப்பக்கக் கதவை வெளியிலிருந்து திறந்து, டிரோவை ஏற்றி, சாத்தினார்.

டிரோ அந்த இருக்கையில் அதற்குமுன் உட்கார்ந்ததே இல்லை.

முழங்கால் போய் இடிக்கிற தகட்டில் ஒரு பழைய ஸ்வெட்டர் துணி மடித்துக் கட்டியிருந்தது. செயிபோனேவுடையது, பச்சை நிறம். எப்போது கட்டினாள் என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கண்ணாடியில், கண் மட்டத்துக்குக் கீழே, தூசி படியாமல் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெளிவாக இருந்தது. அது என்ன என்று பார்த்துக்கொண்டே வந்தார். முதல் மேட்டில் வண்டி எகிறியபோது அவர் தலை கூரையில் முட்டியது. பின்னால் பெட்டி தூக்கிப்போட்டு விழுகிற சத்தமும், "புடி, புடி" என்ற குரல்களும் கேட்டன.

"பட்டா ஜாஸ்தி" என்றார்.

"யார் போட்டது?" என்றான் மொதிபி.

டயரில் காற்றை இறக்கி, மேட்டுக்கு மேடு ஊர்ந்து, வெயில் மஞ்சளாகிற நேரத்தில் டிபிட்ஸெங் வந்து சேர்ந்தார்கள். கிணற்றடியில் ஜனங்கள் காத்திருந்தார்கள். பாட்டு தொடங்கியது. மொதிபி எஞ்சினை அணைத்து, இறங்கி, முதல் வேலையாக பானெட்டைத் தூக்கி வலையில் அடைத்திருந்த புல்லைப் பிடுங்கினான். மணலில் வண்டி ஓட்டி வந்தவன் எவனும் முதலில் அதைத்தான் செய்வான். பின்னாலிருந்து எல்லோரும் குதித்து இறங்கினார்கள். அன்றிரவு பெட்டியை வைக்கப்போகிற வீட்டுக்குக் கொண்டுபோக அதை இறக்கித் தோளில் வைத்தார்கள்.

டிரோ உட்கார்ந்திருந்தார்.

பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாக அவர்தான் நடக்க வேண்டும் என்பதால் பெட்டி நகரவில்லை. பாட்டின் அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். உள்ளே எஞ்சின் சூடு ஏறியது. தூக்கி நின்ற பானெட் முன்னால் எல்லாவற்றையும் மறைத்தது. யாராவது சுற்றி வந்து திறப்பார்கள் என்று அவர் காத்திருந்தார். யாரும் வரவில்லை. காத்திருக்கும்போது கண் தானாக அந்தச் சின்ன வட்டத்தில் போய் நின்றது. கையைத் தூக்கினார். விரல் முட்டி சரியாக அந்த இடத்தில்தான் பட்டது. இரண்டு தட்டுத் தட்டினார்.

பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி தட்டினார்.

கலெபோயேதான் பார்த்துவிட்டு வந்தாள். கண்ணாடி இடுக்கில் வாயை வைத்து, "என்ன அத்தான், எறங்குங்க" என்றாள்.

"கதவு."

"உள்ளேருந்தே தெறக்குமே. மொதிபி சரி பண்ணிட்டான், பாக்கலயா?"

குனிந்து பார்த்தார். தொடைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தது, பளபளவென்று. இழுத்தார். கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

பானெட்டுக்குப் பின்னாலிருந்து மொதிபி ஓடி வந்தான், தப்புச் செய்துவிட்டோமோ என்ற முகத்தோடு. "சொல்லாம செஞ்சிட்டேன் மச்சான், கோவிச்சுக்காத. அது உன் பெட்டியிலேயேதான் கெடந்துச்சு. கவர்கூடப் பிரிக்கல."

"எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டார் டிரோ.

"எது?"

"மாட்டறதுக்கு."

"அரை மணி நேரம் ஆயிருக்கும். நாலு திருகாணிதானே."

டிரோ தலையாட்டினார். இறங்கக் காலை வெளியே வைத்தார். மறுபடி அவள் இருக்கையிலேயே உட்கார்ந்தார். மடியில் கிடந்த கை தானாக அந்தப் பச்சைத் துணியைப் பிடித்துக்கொண்டது. "வந்துட்டேன்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று மொதிபிக்கு விளங்கவில்லை. "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அந்த வார்த்தை உடைந்து வெறும் சத்தமானது. அறுபது வயது ஆண் அப்படி அழுது எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை.

கலெபோயே சாய்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் பெட்டியைச் சுமந்து நின்றவர்களின் தோள் வலித்தது. ஆனாலும் யாரும் இறக்கி வைக்கவில்லை, பாட்டையும் நிறுத்தவில்லை.